தலையை அசைக்காமல்

டம்டம் பாறை. வண்டி ஓரமாக நிற்கிறது.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தலையாறு அருவி. 297 மீட்டர் என்கிறான் மகன். இங்கிருந்து வெள்ளையாக ஒரு கோடுதான். கீழே விழும் சத்தம் இங்கே வரவில்லை.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு மரத்துக்குத் தாவுகிறது. அண்ணாந்து பார்க்கிறேன்.

மரம் சாய்கிறது. அதன் பின்னால் மலையும்.

*

வளைவுகளில் ஒன்றும் ஆகவில்லை. காட்ரோட்டிலிருந்து இதுவரை பையை மடியில் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் வந்தேன். வண்டி நின்ற பிறகு வந்திருக்கிறது.

கிணற்று ராட்டினத்தில் கயிறு நழுவி வாளியோடு ஓடுவது போல் ஓர் ஓட்டம். தலைக்கு உள்ளேயா, வெளியேயா, தெரியவில்லை. சுவரைப் பிடிக்கிறேன். சுவரும் ஓடுகிறது.

உள்ளங்கையில் சிமெண்டின் கரகரப்பு. ஈரம். யாரோ கீறி வைத்த பெயரின் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. முதல் எழுத்து மா. அடுத்தது தேய்ந்துவிட்டது.

அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

*

நின்றுவிட்டது.

ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது.

மரம் மரத்தின் இடத்தில். குரங்கு கிளையில் உட்கார்ந்து எதையோ உரித்துத் தின்கிறது.

குமட்டல் மட்டும் போகவில்லை.

*

"பித்தம்," என்கிறார் அத்தை.

"வெறும் வயிறுக்கா. மலை ஏறுறப்ப வெறும் வயித்தோட வரக்கூடாது," என்கிறான் டிரைவர் தம்பி.

"ராத்திரி பூரா தூங்கல. புளிக்காய்ச்சல் கிண்டுறேன்னு அடுப்படியிலயே நின்னா." இது என் வீட்டுக்காரர்.

மகன், டீசல் வாடை என்கிறான். மகள் ஒன்றும் சொல்லாமல் செல்போனில் எதையோ தேடுகிறாள்.

ஆளுக்கொரு காரணம் கிடைத்துவிடுகிறது. கிடைத்ததும் முகங்கள் கொஞ்சம் தெளிகின்றன.

வயிற்றிலிருந்து ஒன்று மேலே ஏறி, நெஞ்சுக்குழியில் நின்று, மறுபடி இறங்குகிறது. அதற்கு இந்தக் காரணங்கள் எதுவும் தெரியாது.

*

பின் சீட்டில் ஜன்னலோரம் எனக்கு ஒதுக்கப்படுகிறது. மகன் எழுந்து நடுவில் போகிறான். காலையில் அந்த ஜன்னலுக்காக அக்காவோடு சண்டை போட்டவன்.

ஜன்னல் கிடைத்தும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

*

மூடிய கண்ணுக்குள் சிவப்பு. நிழல் வந்தால் கறுப்பு. சிவப்பு. கறுப்பு.

தைல மரங்களாக இருக்க வேண்டும். வாசனை வருகிறது.

*

காது அடைக்கிறது. எச்சில் விழுங்கினால் திறக்கிறது. வத்தலக்குண்டு ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100க்கு மேல். ஒரு காலை நேரத்துக்குள் அவ்வளவு உயரம். உடம்பைக் கேட்டா ஏற்றுகிறோம்.

விழுங்குகிறேன். திறக்கிறது. பிள்ளைகளின் குரல் பக்கத்தில் வருகிறது. அடைக்கிறது. தூரம் போகிறது.

*

ஊத்து தாண்டி எங்கோ இரண்டாம் முறை. முன்னால் வந்த பஸ்ஸுக்கு வழிவிட வண்டி பின்னால் நகர்கிறது. தலையைத் திருப்பிவிட்டேன்.

"தம்பி, நிறுத்து."

கதவு. மண். கோரைப் புல். வயிற்றிலிருந்து காபி மட்டும் வருகிறது. பிறகு கசப்பு. பிறகு ஒன்றுமில்லாததும் வருகிறது.

அத்தையின் கை என் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. காய்ப்புப் பிடித்த கை. நெற்றியின் முழு எடையையும் அது வாங்கிக்கொள்கிறது.

ரோட்டில் போகும் ஒரு வேனிலிருந்து பாட்டு. கைதட்டல். வளைவில் திரும்பிச் சத்தம் பாதியில் அறுகிறது.

புல்லின் மேல் ஓர் எறும்பு. அது ஏறுகிறது. அதுவரைக்கும்தான் உலகம்.

*

"யம்மா, துண்டு எங்க இருக்கு?"

நீலப் பையில், அடியில், பிளாஸ்க்குக்குக் கீழே. சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும்.

நீலப் பை திறக்கப்படுகிறது. பிளாஸ்க் வெளியே. பேப்பர் டம்ளர் கட்டு வெளியே. ஸ்வெட்டர்கள். இஞ்சி மொரப்பா பாக்கெட். அத்தையின் மாத்திரை டப்பா. தேங்காய் எண்ணெய் பாட்டில். துண்டு மட்டும் வரவில்லை.

"என்னத்ததான் எங்கதான் வச்சிருப்பாளோ," என்று அவர் முணுமுணுக்கிறார். கோபம் இல்லை. பயந்தால் அவருக்கு இந்தக் குரல்தான்.

மகள் தன் துப்பட்டாவை எடுத்து என் வாயைத் துடைக்கிறாள். புதுத் துப்பட்டா. கொடைக்கானலில் போட்டோ எடுக்கவென்று எடுத்தது.

துணியின் கஞ்சி வாசனை இன்னும் போகவில்லை.

*

வெள்ளி அருவிக்குப் பக்கத்தில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று ஒருவர் ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறார். மகள் இ-பாஸைத் தயாராக வைத்திருக்கிறாள். 2024 மே மாதத்திலிருந்து இது இல்லாமல் ஏற முடியாது. நேற்று ராத்திரி அதை எடுத்துவிட்டு எல்லோருக்கும் காட்டினாள். எத்தனை பேர், எந்த வண்டி, எந்த நாள். உடம்பு எப்படி என்று அதில் கேட்கவில்லை.

என் மடியில் ஒரு கேரிபேக், விரித்துப் பிடித்தபடி.

அவர் அதைப் பார்க்கிறார். என் முகத்தைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லாமல் கையை அசைத்துப் போகச் சொல்கிறார்.

*

அருவித் துளி ஜன்னல் வழியே முகத்தில் படுகிறது. கண்ணைத் திறக்கவில்லை.

குளிர். அதன் பிறகு, அது இருந்த இடம்.

*

1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் இந்த மலையில் முதலில் வீடு கட்டினார்கள். கீழே வெக்கை. காய்ச்சல், பேதி. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. அப்போது இந்த ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கமிருந்து நடந்தும், ஆள் சுமந்த டோலியிலும் ஏறினார்கள்.

நோய்க்குத் தப்பி ஏறிய மலை.

இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது. வருகிறது, கொஞ்சம் சிரிப்பு மூட்டுகிறது, போகிறது.

*

"திரும்பிரலாமா?" அவர் கேட்கிறார். யாரைக் கேட்கிறார் என்று தெளிவில்லை.

வண்டிக்குள் யாரும் பேசவில்லை. இன்ஜின் மட்டும்.

மகன் தன் ஸ்வெட்டரின் ஜிப்பை மேலே இழுக்கிறான். கீழே இழுக்கிறான். மேலே.

அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். அவன் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு சத்தம்.

"ஒரு டாக்டர்ட்ட காட்டிட்டு முடிவு பண்ணுவோம்ணே," என்கிறான் டிரைவர் தம்பி. எல்லோரும் மூச்சு விடுகிறார்கள்.

*

சின்ன கிளினிக். வாசலில் செருப்புகள். சுவரோடு மர பெஞ்சு. பெஞ்சின் நுனியில் ஒரு கிழவர், போர்த்தியபடி, இருமுகிறார். இருமி முடித்ததும் தனக்குத்தானே தலையாட்டிக்கொள்கிறார்.

பெஞ்சின் மரம் சில்லென்று இருக்கிறது. சேலையைத் தாண்டித் தொடைக்கு வருகிறது.

பக்கத்தில் டீக்கடை. பால் பொங்கும் வாசனை. இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்று இங்கே கனம் குறைவு. தண்ணீருக்கு இங்கே கொஞ்சம் சூடே போதும்.

வாசனை வயிற்றைப் புரட்டுகிறது. வாயால் மூச்சு விடுகிறேன்.

உள்ளே.

வெளியே.

*

டாக்டரம்மா சின்னப் பெண். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்டெதஸ்கோப். பித்தம், டீசல், வெறும் வயிறு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்கிறார். பிரஷர் பார்க்கிறார். சுகர் பார்க்கிறார். பேசச் சொல்கிறார். மூக்கைத் தொட்டு, பிறகு அவர் விரலைத் தொடச் சொல்கிறார். தொடுகிறேன்.

"காது கேக்குறதுல ஏதும் குறை இருக்கா?"

இல்லை.

"படுத்து எந்திரிக்கிறப்ப, அண்ணாந்து பாக்குறப்ப, புரண்டு படுக்குறப்ப மட்டும் வருதா?"

ஆமாம்.

அவர் முகத்தில் ஒரு தளர்வு. என் முகமும் அதைப் பார்த்துத் தளர்கிறது. இன்னும் எதுவும் சொல்லவில்லை அவர்.

*

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் மூன்று வளையங்கள் வரைகிறார். மூன்றும் மூன்று பக்கம் பார்க்கின்றன. உள்காது. வளையத்துக்குள் நீர். தலை திரும்பினால் நீர் திரும்பாமல் கொஞ்சம் பின்தங்கும். அந்தப் பின்தங்கலில்தான் தலை எந்தப் பக்கம் போகிறது என்று மூளைக்குத் தெரிகிறது.

வளையங்களுக்குக் கீழே ஒரு சின்ன பை. பைக்குள் புள்ளிகள் வைக்கிறார்.

"கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புத் தூள்னு வச்சுக்கங்க. இது எல்லாருக்கும் இருக்கும். உங்களுக்கு இடம் மாறி வளையத்துக்குள்ள விழுந்திருச்சு. தலையை அசைச்சா அது உருளுது. நீங்க சுத்துறதா மூளை நம்புது."

அத்தை தன் சுருக்குப் பையை இடுப்பில் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

"நாந்தானே வெத்தல போடுறேன். இவ காதுல எப்புடி சுண்ணாம்பு போச்சு?"

டாக்டரம்மா சிரிக்கிறார். வீட்டுக்காரரும் சிரிக்கிறார். மகள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொள்கிறாள். கறையைப் பார்த்து எடுத்துவிடுகிறாள்.

நான் சிரித்தால் தலை அசையும்.

*

எதனால் விழுந்தது?

"பல பேருக்குக் காரணமே தெரியாது," என்கிறார் டாக்டரம்மா.

அறையில் ஒரு சின்ன ஏமாற்றம். பித்தமும் டீசலும் வெறும் வயிறும் கதவுக்கு வெளியே போய் நிற்கின்றன.

*

கட்டிலில் உட்காருகிறேன். தலையை வலப்பக்கம் பாதி திருப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சட்டென்று பின்னால் சாய்க்கிறார். தலை கட்டிலின் விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது.

"கண்ண மூடாதீங்க."

கூரை. வெள்ளை. ஒரு மூலையில் ஈரம் படர்ந்த பழுப்பு. மின்விசிறி இல்லை. கொக்கிகூட இல்லை. இந்த ஊரில் தேவைப்படுவதில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றும் இல்லை.

பிறகு கூரை சுற்றுகிறது.

மின்விசிறி இல்லாத கூரை.

*

"இங்க வந்து கண்ணப் பாருங்க சார். ஆடுதா?"

அவர் குனிகிறார். என் முகத்துக்கு மேல் அவர் முகம், தலைகீழாக. மீசை நெற்றிப் பக்கம். மூக்கின் துவாரங்கள். இமைக்காமல் என் கண்ணைப் பார்க்கிறார். கண்ணைப் பார்க்கிறார், என்னை அல்ல. கண்மணி ஒரு பக்கம் மெல்ல நழுவி, வெடுக்கென்று திரும்புகிறதாம். நழுவுகிறது, திரும்புகிறது.

"ஆமா டாக்டர். ஆடுது."

அதிசயம் பார்த்த குரல்.

அவர் முகமும் சுற்றுகிறது. சுற்றுகிற முகத்தில் கவலை மட்டும் அதே இடத்தில்.

*

டாக்டரம்மா அப்படியே இருக்கச் சொல்கிறார். சுற்றல் தளர்கிறது. ஓய்கிறது.

தலையை இடப்பக்கம் திருப்புகிறார். காத்திருக்கிறோம். சுவரில் ஒரு காலண்டர், வேறு மாதம்.

உடம்போடு இடப்பக்கம் புரட்டுகிறார். மூக்கு தரையைப் பார்க்கிறது. சிவப்பு ஆக்சைடு தரை. அதில் ஒரு விரிசல், சுவர் வரை. காத்திருக்கிறோம். மறுபடி ஒரு சின்ன சுற்றல், அவசரமாக வந்து போகிறது.

மெல்ல எழுப்பி உட்கார வைக்கிறார்.

மருந்து இல்லை, ஊசி இல்லை. தலையைத் திருப்பித் திருப்பித் துகளை அது வந்த வழியே உருட்டி அனுப்புவது. 1980இல் எப்லி என்ற அமெரிக்க டாக்டர் இந்த முறையைச் சொன்னார். சொன்னபோது சக டாக்டர்கள் பலர் நம்பவில்லை.

ஊசி போடாததில் அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒரு ஊசியாவது போட்டுவிடுங்கம்மா."

குமட்டலுக்கு ஒரு மாத்திரை எழுதித் தருகிறார். அத்தை சமாதானமாகிறார்.

*

உடனே மலை இறங்க வேண்டாம், கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருங்கள், தலையை அதிகம் அசைக்காதீர்கள்.

அந்தக் கொஞ்ச நேரம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது.

*

ஏரிக்கரை ரோட்டில் வண்டி நிற்கிறது. சைக்கிள் மணிகள். குதிரைக் குளம்பு. வேகவைத்த சோளத்தின் வாசனை. எலுமிச்சை தேய்த்து, மிளகாய்ப்பொடி தூவி. இப்போது அது புரட்டவில்லை. பசியும் இல்லை. வாசனை வாசனையாக மட்டும்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இவகூட இருக்கேன்," என்கிறார் அத்தை.

"நீங்களும் போங்கத்தே. இதுவரைக்கும் பாத்ததில்லைல."

"தண்ணிதான? எங்கூருக் கம்மாயில பாக்காததா."

கதவு சாத்தப்படுகிறது. மகன் ஓடுகிறான். மகள் ஓடவில்லை, திரும்பி ஒருமுறை பார்க்கிறாள். நான் கையை அசைக்கிறேன், தலையை அசைக்காமல்.

*

அத்தை சொன்னது சரிதான். இதுவும் கம்மாய்தான். மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்துக் கரை போட்டார். தண்ணீர் தேங்கியது. தேங்கிய தண்ணீர் பள்ளங்களுக்குள் விரல் நீட்டியது. ஏறத்தாழ 60 ஏக்கர். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அதையும் யாரோ சுமந்துதான் ஏற்றியிருக்க வேண்டும். கடல் பார்த்த படகு.

கரை போட்டால் நீர் நிற்கும்.

என் காதுக்குள் எவ்வளவு நீர் இருக்கும். ஒரு சொட்டுகூடத் தேறாது. அது அசைந்ததில் ஒரு குடும்பத்தின் நாளே அசைந்துவிட்டது.

*

அத்தை சுருக்குப் பையை அவிழ்க்கிறார். வெற்றிலையைச் சேலையில் துடைக்கிறார். காம்பைக் கிள்ளுகிறார். நரம்பை நகத்தால் மெல்ல உரிக்கிறார். சுண்ணாம்பு டப்பியைத் திறக்கிறார்.

ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு.

அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு என் காதைப் பார்க்கிறார்.

பாதியைத் திரும்ப டப்பிக்குள் வழித்துவிட்டு, மீதியை இலையில் தடவுகிறார்.

*

அசையாமல் இரு என்று யோகா வகுப்பில் சொல்வார்கள். கண்ணை மூடு, மூச்சைக் கவனி. நான் கவனித்ததெல்லாம் குக்கர் விசில் எத்தனை, பால்காரன் வந்தானா, மோட்டார் போட்டேனா. மூச்சு அதுபாட்டுக்கு வந்து போனது.

இப்போது அசையாமல் இருக்கிறேன். பயத்தில். மூச்சு தெரிகிறது. மூக்கு நுனியில் குளிராக உள்ளே. கொஞ்சம் சூடாக வெளியே. அதற்கு நடுவே ஓர் இடம்.

பயம் வந்து உட்கார்ந்துகொண்டால் அதுவும் ஒரு குருதான் போல. பெரிய வார்த்தை. விட்டுவிடலாம்.

மூச்சு.

*

மேகம் இறங்குகிறது. இல்லை, ஏறுகிறது. பள்ளத்தாக்கிலிருந்து வந்து ரோட்டைக் கடந்து ஏரிக்கு மேல் போகிறது. எதிர்க்கரை இல்லை. நடு ஏரி இல்லை. படகுகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போகின்றன.

சிரிப்புச் சத்தம் மட்டும் வெள்ளைக்குள் இருந்து.

அதில் என் பிள்ளைகளின் சிரிப்பு எது என்று காது தேடுகிறது. எல்லாச் சிரிப்பும் ஒன்றாக இருக்கிறது.

*

"நானும் சின்ன வயசுல விழுந்திருக்கேன்," அத்தை திடீரென்று சொல்கிறார். "நாத்து நடுறப்ப. குனிஞ்சு நிமிந்தா வயலே சுத்துச்சு. வரப்புல உக்காந்தேன். திரும்ப நடப் போய்ட்டேன்."

"யார்ட்டயும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்ல."

வெற்றிலை மெல்லும் சத்தம். வாய்க்குள் இலை நசுங்கும் சத்தம் இவ்வளவு பக்கத்தில் கேட்கும் என்று தெரியாது.

சொல்ல வேறு ஏதாவது இருக்கிறதா என்று காத்திருக்கிறேன். இல்லை.

*

திரும்பி வருகிறார்கள். அவர் பேன்ட் முழங்கால் வரை நனைந்திருக்கிறது. எப்படி என்று யாரும் சொல்லவில்லை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்குகிறார்கள்.

அது அவர்களுடையது. நான் இல்லாத இடத்தில் நடந்தது.

நெஞ்சில் ஒரு முள் குத்துகிறது. பிறகு குத்தவில்லை.

*

வானாய்வகத்துக்கு நேரம் இல்லை. மகன் வந்ததே அதற்குத்தான். பள்ளிக்கூடப் புராஜெக்ட்டுக்கு. 1899இல் தொடங்கியது. 1904லிருந்து சூரியனைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1909இல் எவர்ஷெட் என்பவர், சூரியப் புள்ளியில் வாயு உள்ளிருந்து விளிம்பு நோக்கி ஓடுகிறது என்று இங்கேதான் கண்டார். எல்லாம் ஒரு வாரமாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்டது.

"இன்னிக்குப் போனாலும் சூரியன் தெரியாதுடா. மேகம்," என்கிறாள் மகள்.

"தெரியாட்டி என்ன. டெலஸ்கோப் இருக்கும்ல."

கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமல்:

"சூரியனும் சுத்துதும்மா. நடுவுல 25 நாள்ல ஒரு சுத்து. மேலயும் கீழயும் இன்னும் மெதுவா. எல்லா இடமும் ஒரே மாதிரி சுத்தாது."

"அப்படியா."

"அது கெட்டியா இல்லல. அதான்."

ஜிப் மேலே போகிறது.

*

இறக்கம்.

கண் திறந்தே இருக்கிறது. முன் சீட்டின் முதுகில் ஒரு தையல். பச்சை ரெக்சின், வெள்ளை நூல். ஓர் இடத்தில் நூல் அறுந்து இரண்டு நுனியும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறேன். வளைவுகள் உடம்பின் ஓரங்களில் வந்து போகின்றன.

பெருமாள்மலை. காபிச் செடிகளின் கரும்பச்சை. அவற்றுக்கு மேலே சில்வர் ஓக் மரங்கள், மிளகுக் கொடி சுற்றி.

காது அடைக்கிறது. விழுங்குகிறேன். திறக்கிறது.

மறுபடி வருமோ என்று உடம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் எட்டிப் பார்க்கிறது. வருவதற்கு முன்பே வருவது இதுதான்.

வரவில்லை.

வராததையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

*

மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் தலை கனக்கிறது. அசையக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம்.

துப்பட்டாவின் கறை காய்ந்து ஓரம் விறைத்திருக்கிறது. காய்ந்த பிறகு அது வெறும் பழுப்பு.

செல்போனில் எடுத்த படங்களை அவர் திருப்பிப் பார்க்கிறார். படகில் மகன். படகில் மகன். மேகம். கட்டை விரல். மேகம். மகளின் படம் ஒன்றும் வரவில்லை.

*

காட்ரோடு. வெக்கை ஜன்னல் வழியாக உள்ளே ஏறுகிறது. ஸ்வெட்டர்கள் கழற்றப்படுகின்றன. தோல் தன் பழைய சூட்டை அடையாளம் கண்டு தளர்கிறது.

தென்னந்தோப்புகள். இருட்டு. எதிரே வரும் விளக்குகள்.

"என்ன தாயி, எப்படி இருக்கு?"

"இருக்கேன்த்தே."

*

வத்தலக்குண்டில் ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். அத்தைக்கு ஒரு கவுளி வெற்றிலை. மற்றவர்களுக்குப் பசி.

டிபன் கேரியர் முதல் முறையாகத் திறக்கிறது. விடிவதற்கு முன் கட்டியது, மலை ஏறி, மலை இறங்கி. மேல் அடுக்கில் உருளைக்கிழங்கு. நடுவில் புளியோதரை. தயிர்சாதத்தை அத்தை மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கி வைக்கிறார்.

டிரைவர் தம்பிக்கும் ஒரு தட்டு. கூச்சப்பட்டு வாங்கிக்கொள்கிறான்.

டியூப்லைட்டுக்குக் கீழே நின்றபடி சாப்பிடுகிறார்கள். ஈசல் இரண்டு விழுகிறது. தட்டை நகர்த்திக்கொள்கிறார்கள். புளி, நல்லெண்ணெய், வறுத்த கடலை. அந்த வாசனை என்னிடம் வருகிறது. வயிறு புரளவில்லை. கேட்கவும் இல்லை.

"உப்பு ஒரு கல்லு கம்மி," என்கிறார் அத்தை.

"எனக்குச் சரியா இருக்கு," என்கிறான் மகன், வாய் நிறைய.

மகள் வண்டிக்குள் எட்டிப் பார்க்கிறாள். நீலப் பை அவள் கையில்.

"யம்மா, ஊறுகா எங்க?"

"சைடு ஜிப்புல."

ஜிப் திறக்கும் சத்தம்.

"இல்லையேம்மா."